“எல்லாம் பொம்பிளைக் கன்று” என்டு விக்கிறவரை நம்பாதீங்க

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. வேன்ல வந்த ஆள் “எல்லாம் பொம்பிளைக் கன்று” என்டு சொன்னத நம்பி 30 பப்பாசி நட்டாவாம், இப்ப 14 மரத்துல நீட்டுக் காம்புல பூ கொத்துக் கொத்தாத் தொங்குது, ஒரு காயும் இல்ல, வெட்டுறதா விடுறதா, அடுத்த முறைக்கு சொந்தப் பழத்து விதையவே போடலாமா என்டு.

வெட்டுங்க தங்கச்சி, அது ஆண் மரம். ரெண்ட மட்டும் விடுங்க, மற்ற 16ம் பெண் என்டா பூந்தூள் வேணும், இல்லாட்டி அதுகளும் பிஞ்சில கொட்டும்.

வாழைக்குக் குட்டி வைக்கிறம், மரவள்ளிக்குத் தடி ஊண்டுறம், அங்க தாய் எதுவோ குட்டியும் அதுதான். பப்பாசி விதை அப்பிடியில்ல, தாயும் தகப்பனும் சேர்ந்த புள்ள. ஆண் மரத்துப் பூந்தூள்ல வந்த விதை என்டா பாதி ஆண் பாதி பெண், உங்கட 14க்கு 16 அந்தக் கணக்குத்தான். நாத்த கண்ணால பார்த்து ஒருத்தராலயும் சொல்ல ஏலா, கறுத்த விதை பெண், ஆணிவேர வெட்டினாப் பெண்ணாகும் என்டு சொல்றதெல்லாம் விக்கிறவங்கட கதை. ஒவ்வொரு மாரிக்கும் முதல் இந்த வேன் வருது, ஏழைச் சனம்தான் ஏமாறுது, கந்தோருக்குப் போய் முறைப்பாடு சொன்னா பில் இரிக்கா என்டு கேக்கிறாங்க, றோட்டுல வாங்கின கன்றுக்கு எங்க போய் பில் எடுக்கிற? எனக்கு இத நினைச்சாலே வயிறு எரியும்.

ஒண்டு மட்டும் கவனமாப் பாருங்க. ஆணும் பெண்ணும் ஒரே பூவுல இரிக்கிற மரம் ஒண்டிரிக்கி, நீட்டுக் காய் காய்க்கிறது அதுதான். கச்சான் காத்து அடிச்சி வெயில் ஏறினா அந்த மரம் கொஞ்ச நாளைக்கு ஆண் பூ மாதிரியே பூத்து, காய் பிடிக்காம நிக்கும். அத வெட்டிராதீங்க, மழை கிடைச்சாத் திரும்பக் காய்க்கும். உண்மையான ஆணுக்குக் காம்பு ஒரு முழம் தாண்டித் தொங்கும், இதுக்குப் பூ தண்டோட ஒட்டித்தான் இரிக்கும்.

சொந்த விதை போடலாம், ஆனா உருண்டைப் பழத்துல எடுக்காதீங்க, அது பெண் மரம், மறுகா இதே பாதிக்குப் பாதிதான். நீட்டுப் பழத்துல எடுங்க. பூ விரிய முதல் கடதாசிப் பை கட்டி, காய் பிடிச்ச பிறகு பையக் கழட்டினா அந்தக் காய்ட விதையில ஆண் வராது, மூண்டுல ரெண்டு பங்கு நீட்டுக் காய் மரம், மிச்சம் பெண். ரெட் லேடி மாதிரிக் கலப்பின விதை என்டா பழம் தாய் மாதிரியே வராது, அதுக்குப் புது விதைதான் வாங்கணும்.

எந்த விதை என்டாலும் குழிக்கு 3 கன்று வைங்க, நாலஞ்சி மாசத்துல பூத்த பிறகு நல்லது ஒண்ட விட்டுட்டு மற்ற ரெண்டையும் புடுங்காம அடியோட வெட்டுங்க, புடுங்கினா நிக்கிற மரத்துட வேரும் ஆடிப்போகும்.