அந்த ஊற்றை வெட்டிவிடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா தனுஷ்கோடியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1964 புயலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு பாம்பனுக்கு மாற்றலாகி வந்ததால் குடும்பம் தப்பியது. தங்கச்சிமடத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதில் ஒன்பது புகைப்படங்கள். பாம்பன் பாலம் மூன்று, கப்பல் துறை இரண்டு, மாதா கோயில் ஒன்று, ராமேஸ்வரம் கோயில் பிரகாரம் ஒன்று. மீதி இரண்டில் வெறும் மணலும், ஒரு குழியும், குடத்தோடு சில பெண்களும்தான் இருக்கிறார்கள். அது வில்லூண்டி தீர்த்தம் என்கிறார் அப்பா. டிசம்பரில் புயலின் நினைவு நாளுக்கு இந்தப் படங்களுக்கு வண்ணம் ஏற்றி, ஓரங்களை வெட்டிச் சீராக்கி வெளியிட வேண்டும் என்கிறான் சித்தப்பா மகன். குழிப் படங்கள் இரண்டும் எதற்கும் உதவாது என்பது அவன் கருத்து. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். நாங்கள் என்ன செய்யலாம்?

தங்கள் வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த இரவில் நான் தூங்கவில்லை. ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியில் விலைமதிப்பில்லாதவை அந்த இரண்டு குழிப் படங்கள்தான்.

பாலத்தை எடுத்தவர்கள் ஏராளம். 1914 பிப்ரவரி 24இல் அது திறக்கப்பட்ட நாளிலிருந்து அந்த வழியாகப் போன கேமராக்களுக்குக் கணக்கில்லை. உங்களிடம் உள்ள மூன்றில் ஒன்று மட்டும் அரிது. கடலில் தூண்கள் வரிசையாக நிற்க, மேலே தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்கள் இல்லாமல் இருக்கும் படம் அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப்பாலப் பகுதி தப்பித்து நின்றது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆகவே உங்கள் தாத்தா அந்தப் படத்தை எடுத்தது (அல்லது எடுக்கச் சொன்னது) அந்தச் சில வாரங்களுக்குள்தான். படத்தின் பின்புறம் தேதி இல்லாவிட்டாலும், தூண்களே தேதியைச் சொல்லிவிடுகின்றன. பக்கத்தில் சாலைப் பாலம் தெரிந்தால் 1988க்குப் பிறகு, தெரியாவிட்டால் முன்பு என்று பாம்பன் படங்களுக்குக் காலம் சொல்வதும் இதே வழியில்தான்.

பிரகாரப் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதே கோணத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எட்மண்ட் டேவிட் லயன் என்ற ஆங்கிலேய முன்னாள் படையதிகாரி 1867-68இல் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தார். அப்போது ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அதற்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கழுவுகிற தண்ணீரில் உப்பு இருந்தால் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளை மாவு போலப் படிந்து தகட்டையே கெடுத்துவிடும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவில், அந்த நாளில் படம் எடுக்க வந்த எவருக்கும் முதல் தேவை நல்ல தண்ணீர். யாரோ ஒருவர் ஊற்றிலிருந்து குடம் சுமந்து வந்து ஊற்றியிருக்க வேண்டும். கோபுரமும் தூண்களும் படத்தில் இருக்கின்றன. அந்தப் படத்தைக் கழுவிய ஊற்று எந்தப் படத்திலும் இல்லை.

எனக்கு உள்ள தீராத வருத்தம் இதுதான். நம் கடற்கரையில் தீர்த்தங்களைப் படமெடுத்தார்கள், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் படமெடுத்தார்கள், குடிதண்ணீர் ஊற்றைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். உங்கள் தாத்தாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதுவும் இரண்டு முறை.

இப்போது அப்பாவின் கருத்துக்கு வருகிறேன். அது வில்லூண்டி அல்ல. அவரிடம் என் வணக்கத்தோடு இதைச் சொல்லுங்கள். வில்லூண்டி தீர்த்தம் உங்கள் ஊர்க் கரையிலேயே கடலுக்குள் இருக்கிறது. சீதையின் தாகம் தீர ராமன் வில்லை ஊன்றிய இடம் என்று நாம் கேட்டு வளர்ந்த கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவே நல்ல தண்ணீர். உங்கள் படத்தில் கட்டிய கிணறே இல்லை. மணலில் கையால் தோண்டிய குழி, விளிம்பு சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் பலகை. இரண்டாவது குழிப் படத்தின் இடது ஓரத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சாய்ந்த கூரையின் முனையும் அதன் கீழே ஒரு ஜன்னலின் வளைவும் தெரிகின்றன. உங்களிடமே இருக்கும் தனுஷ்கோடி மாதா கோயில் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதே முனை, அதே வளைவு. வில்லூண்டியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், தனுஷ்கோடியில் எடுத்த படம் இது.

சித்தப்பா மகன் வெட்டிச் சீராக்க நினைக்கும் ஓரம் அதுதான். அதை வெட்டிவிட்டால் உலகத்தில் எந்த மணல்வெளியிலும் இருக்கக்கூடிய ஒரு குழியாக அது ஆகிவிடும். அந்த ஓரம் இருக்கும் வரைதான் அது தனுஷ்கோடியின் ஊற்று.

அந்தப் படத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. குழிக்குள் குனிந்திருக்கும் பெண்ணின் வலது கையைப் பாருங்கள். சிரட்டை அகப்பையைத் தண்ணீரில் முக்காமல், சாய்த்து, மேல்தண்ணீரை மட்டும் வழித்து எடுக்கிறாள். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. அவளுக்குப் பின்னால் ஐந்து குடங்கள் வரிசையில் நிற்கின்றன, ஆட்கள் இரண்டு பேர்தான். மற்ற மூன்று குடங்களும் இடம் பிடித்து வைத்தவை. ஒன்றின் வாயில் காற்றுக்கு உருண்டுவிடாமல் கல் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் என் அப்பத்தாவும் அப்படித்தான் கல் வைப்பார். அகப்பையை வேகமாக விட்டால், “மணலைக் கலக்காதே, அடியில் போனால் கடல் வந்துவிடும்” என்று அதட்டுவார். அது பயமுறுத்தச் சொன்ன சொல் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அது அப்படியே உண்மை. இந்தக் கரையின் மணல் மழைத் தண்ணீரை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால், கீழே கசிந்து வந்திருக்கும் கடல்நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அதைத் தாங்கிக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். மேலே 1 அடி இறைத்துத் தீர்த்தால், கீழே 40 அடிக்கு உப்பு ஏறி வரும். அகப்பையால் வழித்து எடுத்தவர்கள் மழை தந்த அளவுக்குள் எடுத்தார்கள். மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்த இடங்களில் உப்பு மேலேறிவிட்டது. இன்று காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாயை எதிர்பார்த்து நாம் குடத்தோடு நிற்கும் தெருக்களில் எத்தனையோ ஊற்றுகள் இருந்தன. அவை எங்கே இருந்தன என்று காட்ட ஒரு படமும் இல்லை. கோபுரம் இடிந்தால் அடித்தளமாவது மிஞ்சும். ஊற்று தூர்ந்தால் மறுநாளே மணல் சமமாகிவிடும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இது. ஒன்பது படங்களையும் முன்னும் பின்னும், ஓரத்தின் வெள்ளைக் கோடு உட்பட, குறைந்தது 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள். நீங்கள் அனுப்பியதில் பின்பக்கங்கள் இல்லை. வண்ணம் ஏற்ற வேண்டாம். அந்தப் பெண்ணின் சேலை என்ன நிறம் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது, அது ஊகித்துப் பூசுவதை நம் பேரப்பிள்ளைகள் உண்மையென்று நம்பிவிடுவார்கள். பிரகாரப் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. அதைப் பிரிக்க முயலாதீர்கள், ஈரத்துணியும் கூடாது. கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். உப்புக்காற்றில் பாலிதீன் உறை ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சை பிடிக்க வைக்கும், வெறும் காகித உறை போதும். எழுத வேண்டியதைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஸ்டூடியோ நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அதை மூடியபோது, நாற்பது ஐம்பது ஆண்டுக் கண்ணாடி நெகட்டிவ்களைச் சோடாக்காரத்தில் ஊறவைத்துச் சுரண்டி, வெறும் கண்ணாடியாக்கிச் சாமி படங்களுக்குச் சட்டம் போட விற்றுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாளியில் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் இருந்தது. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, அவர்களுக்குப் பிழைப்பு. ஆனால் அந்த வாளியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் அப்பாவுக்கு அக்கா ஒருவர் இருப்பதாகவும் அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர் என்றும் முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். புயலின்போது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும். தண்ணீர் எடுக்கப் போகிற வயது அது. இந்த வாரமே இரண்டு படங்களையும் பெரிய அளவில் அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். எதுவும் கேட்காமல் முதலில் பார்க்க விடுங்கள். பிறகு அந்த ஊற்றுக்கு என்ன பெயர், யார் யார் எடுக்கலாம், எந்த மாதத்தில் வற்றும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள்.

மாதா கோயிலின் இடிந்த சுவர் இன்னும் நிற்கிறது. படத்தில் அந்த முனை எந்தச் சாய்வில் தெரிகிறதோ அதே சாய்வில் கண்ணுக்குத் தெரியும் வரை மணலில் நடந்து போனால், உங்கள் தாத்தா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நாம் நிற்கலாம். கரை எவ்வளவோ மாறியிருக்கிறது, அந்த இடம் கடலுக்குள்ளும் போயிருக்கலாம். தை மாதத்தில், மழை ஓய்ந்து மணலில் தண்ணீர் இருக்கும்போது நான் வருகிறேன். அத்தையால் நடக்க முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். ஒரு சிரட்டை அகப்பையை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்