களைக்கொல்லிக்குச் சாகாத நெற்சக்களத்தி: அளவைக் கூட்டலாமா?

திருவாடானைப் பக்கம் மானாவாரியாக நேரடி விதைப்புச் செய்த நெல்லில், பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லியைத் தெளித்தும், நெல்லைப் போலவே தோன்றும் நெற்சக்களத்திக் களை சாகவில்லை, அளவைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கூட்டாதீர்கள்.

முதலில் வயலில் இறங்கிப் பாருங்கள். வரிசையாக ஒரு பட்டை முழுவதும் பச்சையாக நின்றால் அது தெளிப்பில் விட்டுப்போன இடம். செத்துக் காய்ந்த செடியை ஒட்டியே அதே வயதுச் செடி தழைத்து நின்றால்தான் களை மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறனைச் சந்தேகிக்க வேண்டும். இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சவ்வு போன்ற சிறு நாக்கு இருக்கும், நெற்சக்களத்திக்கு இருக்காது என்பதால், கையால் பிடுங்கும்போது பயிரைத் தவறுதலாகப் பிடுங்கிவிட மாட்டீர்கள்.

மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. இயல்பிலேயே தாங்கும் ஒன்றிரண்டு செடிகளை மட்டும் மிச்சம் வைத்து, அவற்றின் விதையே மண்ணில் நிறைந்துவிட வழிவிடுகிறது. பைரசோசல்ஃபியூரான் என்ற இன்னொரு களைக்கொல்லியும் பிஸ்பைரிபேக்கும் செடியில் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. ஆகவே ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றுவது மாற்றமே ஆகாது. வேறு வழியில் வேலை செய்யும் பெண்டிமெத்தலின் களைக்கொல்லியை, விதைத்தபின் மண் நனைந்ததும், களை முளைக்கும் முன் தெளிக்கலாம். முன்மழை கிடைத்தால் களையை முளைக்கவிட்டு உழுது, பிறகு விதைப்பது இன்னும் நல்லது. தப்பி நிற்பவற்றைக் கதிர் முற்றுமுன் பிடுங்கி வயலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.