கஞ்சாவை விட்ட பிறகும் விடாத சந்தேகம்

கேள்வி: வயது 27. பாங்காக்கில் இரண்டு ஆண்டு வேலை. அப்பா இறந்த துக்கம் தாங்காமல் இரவில் ஒரு கஞ்சா சிகரெட் பிடிக்கத் தொடங்கி, நாளுக்கு நான்கு வரை போனேன். சிங்கப்பூர் திரும்பி ஏழு வாரமாகத் தொடவில்லை. தூக்கமில்லை, பயங்கரக் கனவுகள், மறதி, இருமல். ஆண்மை போய்விடுமா? கஞ்சாவிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் உதவுமா? ஜொகூரில் தூக்க மாத்திரை வாங்கிவருவதாக ஒரு நண்பர் சொல்கிறார். மூன்று வாரமாக ஆபீசில் என்னைப் பற்றியே பேசுகிறார்கள், எம்ஆர்டி ரயிலில்கூட. (தாய்மாமா உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனையில் இருந்தவர்.) டாக்டரிடம் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா?

பதில்: முதலில் எம்ஆர்டியில் பேசுகிறவர்கள், தம்பி. மற்றதெல்லாம் காத்திருக்கும்.

கஞ்சாவை நிறுத்தினால் வரும் தொல்லைக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. ஓரிரு நாளில் எரிச்சல், வியர்வை, பசியின்மை, படபடப்பு தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கமும் கனவும் மட்டும் இன்னும் சில வாரம் படுத்தும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள், கனவு காணும் உறக்கத்தை அமுக்கி வைத்திருந்தது. இப்போது அது வட்டியோடு திரும்புகிறது. அதற்காக மூளை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எல்லோரும் நம்மையே பேசுகிறார்கள் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் சேராது. போதையில் இருக்கும்போது அப்படித் தோன்றுவது உண்டு. போதை இறங்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். உங்களுக்கோ நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகு தொடங்கி, மூன்று வாரமாக நிற்கிறது. மனச்சிதைவு போன்ற நோய் தலைகாட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதிகம் கஞ்சா பிடித்தவருக்கு அந்த ஆபத்து கூடுதல். குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் இருந்திருந்தால் இன்னும் கூடுதல். தாய்மாமாவைப் பற்றி அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்ல வேண்டிய செய்தி அது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கெடுக்கும்.

எனவே இந்த வாரமே புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்துக்குப் போங்கள். அங்கே அவசர சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது, முன்பதிவு தேவையில்லை. தொலைபேசி 6389 2222. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டாலோ, உங்களையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தாலோ வாரம் முடியக் காத்திருக்காதீர்கள். அன்றே, நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். சந்தேகம் பிடித்தவர் தன் சந்தேகத்தைச் சரியாக விவரிக்க மாட்டார். கூட இருந்து பார்த்தவர் விவரிப்பார். எப்போது தொடங்கினீர்கள், நாளுக்கு எத்தனை, கடைசியாகப் பிடித்த தேதி, வேறென்ன மாத்திரை எடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

பிடித்துக் கொடுப்பார்களா? மழுப்ப மாட்டேன். போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று மருத்துவர் கருதினால், ஏழு நாளுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும். அது சட்டம். சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால் வெளிநாட்டில் பிடித்ததும் இங்கே குற்றமே. பாங்காக்கில் கடையில் வாங்கினேன் என்பது எடுபடாது. ஆனால் முதல் முறையாகத் தாமாகவே முன்வருகிறவர் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்பது ஒழிப்புப் பிரிவின் நடைமுறை. கண்காணிப்பும் சிறுநீர்ப் பரிசோதனையும் இருக்கும். சோதனையில் மாட்டிக்கொண்ட பிறகு இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. தயக்கம் இருந்தால் அடிமைப்பழக்கங்களுக்கான உதவி எண் 6732 6837இல் கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி அந்தத் துக்கம். கஞ்சா அதைக் கரைக்கவில்லை, ஒத்திப்போட்டது. போதை இறங்கும்போது வரும் பதற்றத்தையும் அப்பாவை நினைத்து வரும் பதற்றம் என்று எண்ணி அடுத்ததைப் பற்றவைத்தீர்கள். ஒன்று நான்கானது அப்படித்தான். கஞ்சாப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது. பலன் தருவது பேச்சு சிகிச்சை. எந்த நேரத்தில், எந்த நினைப்பில் கை போகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறொன்றைச் செய்யப் பழக்குவார்கள். மனச்சோர்வு மாத்திரை தேவையா என்பதை, சந்தேகத்தின் காரணம் தெரிந்த பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும். பெயர் சொல்லிக் கேட்டு வாங்காதீர்கள்.

சிபிடி எண்ணெய் பற்றி இணையத்தில் படித்ததை மூட்டை கட்டுங்கள். கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெயும் இங்கே அதே போதைப்பொருள் சட்டத்தில்தான் மாட்டும்; அது துக்கத்துக்கு மருந்தும் அல்ல. ஜொகூரில் தூக்க மாத்திரை வாங்கிவரும் நண்பரை நம்பினால் ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றில் விழுவீர்கள். தூக்கத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு கோப்பி வேண்டாம், பீரும் வேண்டாம்.

மறதி வாரங்கள் போகப் போகத் தெளியும். ஆண்மை பற்றி இப்போது கவலை வேண்டாம். விந்தணு புதிதாக உருவாகவே ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுங்கள். இருமல் பெரும்பாலும் புகையால் வந்தது. கஞ்சாவை விட்டு சிகரெட்டுக்கு மாறியிருந்தால் அது எப்படிப் போகும்? அதையும் நிறுத்துங்கள். ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் பலதுறை மருந்தகத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்.