மேக்புக்கும் வாத்தியாரின் திங்க்பேடும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பலருக்குத் தங்கள் லேப்டாப் எந்தக் கம்பெனி என்பதே ஞாபகம் இருக்காது. 'கறுப்பு கலர், நேற்று கொடுத்தேனே' என்பார்கள். ஆப்பிள் கம்பெனியின் மேக்புக் வைத்திருப்பவர்கள் அப்படியில்லை. பக்கத்தில் நிற்கிறவரையும் மேக் வாங்கச் சொல்லி என் கடையிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய திங்க்பேட் லேப்டாப் வைத்திருக்கிறார். புதிது வாங்கலாமே என்றால் கோபம் வருகிறது. திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே சாமான்கள்தான். இது விளம்பரம் செய்கிற வேலையா, நிஜமாகவே சரக்கு இருக்கிறதா?

ச., தக்கலை

அன்புள்ள ச.,

சரக்கு இருக்கிறது. மேக்கில் மெஷினும் இயங்குதளமும் ஒரே கம்பெனியுடையவை. 2020 கடைசி முதல் வந்த புது மாடல்களில் சிப்பும் அவர்களுடையதே. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத தகராறு குறைவு. ஆனால் நன்றாக ஓடுகிற பொருள் மேல் திருப்தி வரும், அவ்வளவுதான். அதற்காக யாரும் அடுத்தவரிடம் பிரசாரம் செய்யப் போவதில்லை.

விளம்பரமும் உண்டு. 1984 ஜனவரியில் சினிமா இயக்குநர் ரிட்லி ஸ்காட் இயக்கி வந்த மெக்கின்டாஷ் (மேக்கின் முழுப்பெயர்) விளம்பரத்தில் அந்தக் கம்ப்யூட்டரையே காட்டவில்லை. பெரிய திரையில் ஒருவர் உபதேசம் செய்கிறார், ஒரு பெண் ஓடி வந்து சம்மட்டியை எறிந்து திரையை உடைக்கிறாள். திரையில் இருப்பது அன்றைய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம் என்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆக, பொருளைக் காட்டுவதற்கு முன்பே எதிரியைக் காட்டிவிட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்தது. 1997இல் ஆப்பிள் திவாலாகும் நிலையில் இருந்தது. அந்த ஆகஸ்டில் பாஸ்டனில் நடந்த மேக் விழாவில், போட்டிக் கம்பெனியான மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்யப் போகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். திரையில் மைக்ரோசாஃப்ட் தலைவர் பில் கேட்ஸின் முகம் பெரிதாகத் தெரிந்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. கைதூக்கிவிட வந்த மனுசன் அவர்! கம்பெனிக்குப் பணம் வந்ததில் கூட்டத்துக்குச் சந்தோஷம் இல்லை, யாரிடமிருந்து வந்தது என்பதில்தான் ஆத்திரம்.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இது புரியும். அர்ஜென்டினா 1986இல் உலகக் கோப்பை வாங்கியது, அடுத்தது 2022இல்தான். நடுவில் முப்பத்தாறு வருடம் தோற்றும் ரசிகர்கள் வேறு அணிக்குப் போய்விடவில்லை. தோற்கிற அணியோடு நிற்பதில் ஒரு வீம்பு இருக்கிறது. அந்த வீம்புதான் அன்றைய மேக்காரர்களிடமும் என்பது என் கணிப்பு. ஆட்கள் குறைவு, கம்பெனி நாளைக்கு இருக்குமோ இல்லையோ என்ற பயம், எதிரில் ஒரு பெரியவன். இந்த மூன்றும் சேர்ந்தால் வாங்கினவன் தொண்டனாகிவிடுவான்.

கம்பெனியே போன பிறகும் இது தொடர்வதைப் பார்க்கலாம். அமிகா கம்ப்யூட்டர் செய்த கமடோர் 1994இல் திவாலானது. அமிகாவுக்குப் புதிய மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆப்பிளின் நியூட்டன் என்ற கைக்கருவி 1993இல் வந்து 1998இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் அதை விடாதவர்களைப் பற்றி முனிஸ், ஷாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுது பார்க்கிறார்கள், புரோகிராம் எழுதுகிறார்கள், அது ஒருநாள் திரும்பி வரும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். மத நம்பிக்கையோடு ஒப்பிட்டே அந்த ஆய்வு எழுதப்பட்டது.

உங்கள் வாத்தியார் வேறு ரகம். எனக்கு அவரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. திங்க்பேட் 1992இல் ஐபிஎம் கொண்டுவந்தது. வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர் வடிவமைத்த கறுப்புப் பெட்டி, கீபோர்டு நடுவில் மவுஸுக்குப் பதிலாக ஒரு சிவப்புக் குமிழ். பார்வைக்குப் பகட்டு கிடையாது. ஆனால் அந்தக் குமிழுக்கும் கட்டைகளுக்கும் விரல் ஒருமுறை பழகிவிட்டால் வேறு எதிலும் ஓடாது. பழைய மாடல்களில் நாலைந்து ஸ்க்ரூ கழற்றினால் கீபோர்டு கையோடு வந்துவிடும், உங்களுக்கே தெரியும். 2005இல் சீனக் கம்பெனியான லெனோவா அந்தத் தொழிலை வாங்கியது. பிற்பாடு கீபோர்டை மாற்றியபோது பழைய ஆட்கள் விடாமல் புலம்பினார்கள். 2017இல் இருபத்தைந்தாம் ஆண்டுக்காகப் பழைய பாணிக் கீபோர்டோடு ஒரு மாடலே வந்தது. இந்தப் பிடிப்பு விரல் பழக்கத்தால் வந்தது, விளம்பரத்தால் அல்ல. வாத்தியாரிடம் புதிதை விற்கப் பார்க்காதீர்கள், பாகங்களுக்காக இன்னொரு பழசைத் தேடி வாங்கிவையுங்கள்.

இப்போது மேக்புக்கோடு வருகிற இளைஞர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்குச் சந்தேகம். ஆப்பிள் இன்று உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. அதைக் காப்பாற்ற யாரும் தேவையில்லை. மார்த்தாண்டத்தில் இஎம்ஐ போட்டு வாங்கி, கல்யாண வீட்டில் ஆப்பிள் சின்னம் தெரிகிற மாதிரி மேசையில் வைக்கிறவருக்கு வேண்டியது மதிப்பு. தப்பில்லை. ஆனால் அதே மெஷின் பாதி விலைக்கு வந்து தெருவுக்குத் தெரு எல்லோர் கையிலும் இருந்தால், உங்கள் கடையில் அவர் இவ்வளவு பேசமாட்டார்.