சாம்பிராணி, குங்கிலியம், ஊதுபத்தி: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கும்பகோணம் பக்கம் நாட்டு மருந்துக் கடைல நிக்க ஆரம்பிச்சு 25 வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. மார்கழி நெருங்கினாலே தூபம் பத்தின கேள்விதான் நிறைய வரும், இந்த தடவை வந்ததுல சிலத எடுத்துருக்கேன்.

கட்டி சாம்பிராணினு கேட்டுதான் வாங்கினேன். தணல்ல போட்டா கரும்புகையா வருது, கண்ணு எரியுது, வாசனையே இல்ல. என்ன தப்பு?

ரெண்டு தப்பு இருக்கலாங்க. ஒண்ணு சரக்கு. சாம்பிராணிங்கறது மரப்பிசின், ஆனா அந்த மரம் நம்ம ஊர் மரம் இல்ல, சுமத்ரா மலைக்காட்லயும் லாவோஸ் பக்கமும் இருக்கு, பட்டைய கீறி விட்டு வடியறத இறுகவிட்டு சுரண்டி எடுக்கறாங்க. சுமத்ராவுல பாருஸ்னு ஒரு பழைய துறைமுகம், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது, அதுக்கு பக்கத்துல லோபு துவாங்கற இடத்துல 1088-ம் வருஷத்து தமிழ்க் கல்வெட்டு கெடச்சிருக்கு, ஐந்நூற்றுவர்னு நம்ம வணிகக் கூட்டம் வெச்சது. நம்ம ஆளுங்க அவ்ளோ தூரம் கடல் தாண்டிப் போய் கடை போட்ட எடத்துலேர்ந்து வர்ற சரக்கு இது, அதனாலதான் கலப்படம் பண்ணி விக்கறத பாத்தா எனக்கு வயிறு எரியும்.

ஒரு கட்டிய உடைச்சுப் பாருங்க. நல்ல சாம்பிராணின்னா பழுப்புக்கு நடுவுல பாதாம்பருப்ப உடைச்சு போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா துண்டு தெரியும், மூக்கு கிட்ட கொண்டு போனா லேசா வெனிலா மாதிரி ஒரு இனிப்பு வாசனை வரும். பைன் பிசின் கலந்ததா இருந்தா கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒடையும், நெருப்புல போட்டா டர்பன்டைன் வாடை அடிக்கும், நீங்க சொல்ற கரும்புகை அதுலதான் ஜாஸ்தி.

இன்னொண்ணு தணல். நெறைய பேர் கரி பாதி கறுப்பா இருக்கறப்பவே, இல்லாட்டி ஜ்வாலை அடங்காம இருக்கறப்பவே அள்ளிப் போட்டுடறாங்க. கொட்டாங்குச்சி கரி முழுசா செவந்து மேல வெள்ளையா சாம்பல் பூக்கணும், தூபக்கால்ல போட்டு ரெண்டு நிமிஷம் விடணும், அப்பறம் சாம்பிராணிய நுணுக்கி ஒரே ஒரு சிட்டிகை. பிசின் உருகி மெதுவா ஆவியாகணும், பத்திக்கிட்டு எரியக் கூடாது, எரிஞ்சுதுன்னா வாசனை போயி வெறும் புகைதான் மிஞ்சும்.

குழந்தைக்கு மூணு மாசம். தலைக்கு ஊத்தினதும் சாம்பிராணி புகை காட்டணும்னு மாமியார் சொல்றாங்க, டாக்டர் வேணாங்கறார். யார் பேச்ச கேக்கறது?

டாக்டர் பேச்ச கேளுங்கம்மா. சாம்பிராணி விக்கறவனே சொல்றேன், வேணாம்.

எங்க அம்மாவும் என் பிள்ளைங்களுக்கு காட்டினாங்க, நடுவுல முற்றம் வெச்ச ஓட்டு வீடு, புகை மேல போயிடும். அதுவும் சரின்னு இப்ப நான் சொல்ல மாட்டேன், ஆனா இன்னிக்கி நாம இருக்கறது ஜன்னல் சாத்தின ரூம்ல. ஊதுபத்தி வகையறா 1 கிராம் எரிஞ்சா சராசரியா 45 மில்லிகிராம் நுண்துகள் வருதுன்னு அளந்து சொல்லிருக்காங்க, சிகரெட்ல அது 10 மில்லிகிராம்தான். பச்சக்குழந்தை நம்மள விட வேகமா மூச்சு விடும், நுரையீரலும் இன்னும் வளந்துகிட்டு இருக்கற நேரம். போதாததுக்கு கரித்தணல்லேர்ந்து கார்பன் மோனாக்சைடு வேற வரும், அதுக்கு வாசனையும் கெடையாது நெறமும் கெடையாது, அடைச்ச ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

அந்தக் காலத்துல புகை காட்டினதே தலை ஈரம் காயணும், சளி பிடிக்கக் கூடாதுன்னுதான். அதுக்கு நல்ல பருத்தித் துண்டால ஒத்தி எடுத்தா போதும். மாமியார் மனசும் நோக வேணாம், பூஜை ரூம்ல அவங்க கையாலயே தூபம் காட்டட்டும், புகை சுத்தமா அடங்கி ஜன்னல் வழியா காத்து வந்தப்பறம் குழந்தைய தூக்கிட்டு வந்து சாமி கும்பிடுங்க.

மூங்கில் குச்சி வெச்ச ஊதுபத்தி ஏத்துனா வம்சத்துக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

வம்சங்கற வடமொழிச் சொல்லுக்கு மூங்கில்னும் அர்த்தம் இருக்கு, குலம்னும் அர்த்தம் இருக்கு, அதுலேர்ந்து வந்த பேச்சா இருக்கும்னுதான் எனக்குத் தோணுது. நம்ம ஊர்ல காலங்காலமா மூங்கில் குச்சி பத்தி ஏத்தி சாமி கும்புட்டவங்க பேரன் பேத்தியோட நல்லாத்தான் இருக்காங்க. மனசு உறுத்துச்சுன்னா குச்சி இல்லாத தூபம் வாங்கிக்குங்க.

ஊதுபத்தி ஏத்தினாலே தலைவலி வருது, ஆனா சின்ன வயசுல பாட்டி வீட்ல வராது. ஏன் சார்?

இந்தக் கேள்விய எல்லாரும் கேக்கறாங்க. இன்னிக்கி வர்றதுல பெரும்பாலும் கரித்தூளையும் ஜிகட்னு ஒரு மரப்பட்டைத் தூளையும் பெசஞ்சு குச்சில உருட்டி காய வெச்சு, அப்பறம் சென்ட்டுல முக்கி எடுக்கறது. அந்த சென்ட்ட நீர்க்க வெக்க டைஎத்தில் தாலேட்னு ஒரு கெமிக்கல் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு. பாட்டி வீட்ல ஏத்துனது மசாலா பத்தியா இருந்திருக்கும், அதுல வாசனைப் பொருள மாவுலயே சேத்து பெசைவாங்க, மட்டிப்பால் சேப்பாங்க. மட்டிப்பால்ங்கறது பெருமரத்துப் பிசின், ஈரம் இழுத்து வெச்சுக்கும், அதனால பத்தி தொட்டா லேசா பிசுபிசுன்னு இருக்கும், மெதுவா எரியும். மைசூர் ஊதுபத்திக்கு 2005-ல புவிசார் குறியீடே குடுத்தாங்க, ஆனா மட்டிப்பால் கெடைக்கறது கொறஞ்சு போச்சு, வெலையும் கூடிப் போச்சு. பிரிக்காத பாக்கெட்டே மூக்க துளைக்கற மாதிரி அடிச்சா அது முக்கி எடுத்ததுன்னு வெச்சுக்கலாம். மசாலா பத்தி வாங்கி பாதி குச்சிய ஒடிச்சு ஏத்திப் பாருங்க, அப்பவும் வலிச்சுதுன்னா பத்தியே வேணாம், ஒரு கிண்ணம் மல்லிப்பூ வெச்சாலே சாமிக்குப் போதும்.

கஷ்டம் தீர குங்கிலியம் எத்தன நாள் போடணும்? 48 நாளா, 21 நாளா?

குங்கிலியமும் தணல்ல போடற ஒரு மரப்பிசின்தாங்க, ஆனா நாள் கணக்கு நான் சொல்ல மாட்டேன். எங்க பக்கத்து நாயன்மார் கதைய மட்டும் சொல்றேன். திருக்கடவூர்ல, இப்ப திருக்கடையூர்ங்கறோமே, அங்க கலயர்னு ஒருத்தர், தெனம் சிவனுக்கு குங்கிலிய தூபம் போடறதுதான் அவர் தொண்டு. சொத்தெல்லாம் கரைஞ்சு பிள்ளைங்க பசில கெடக்க, நெல்லு வாங்கிட்டு வாங்கன்னு வீட்டம்மா தாலிய கழட்டிக் குடுக்கறாங்க, வழில குங்கிலிய மூட்டையோட ஒரு வியாபாரி வர்றாரு, இவரு தாலிய குடுத்து மூட்டைய வாங்கிட்டு நேரா கோயிலுக்கு போயிட்டாரு. அவர் வீட்ட செல்வத்தால இறைவன் நெறச்சாருன்னு பெரியபுராணம் சொல்லுது. திருப்பனந்தாள்ல ராஜாவோட யானைங்க இழுத்தும் நிமிராத சாஞ்ச லிங்கத்த, தன் கழுத்துல கயிறு கட்டி இழுத்து நிமித்தினவரும் இவர்தான். எனக்கு இதப் படிக்கறப்பல்லாம் அந்த அம்மாவ நெனச்சுதான் கண்ணு கலங்கும். இந்தக் கதைல எங்கயும் அவரு பலன் கேட்டு நாள் எண்ணல பாருங்க. உங்களுக்கு எந்த நாள் மனசு வருதோ அந்த நாள் ஒரு சிட்டிகை போடுங்க, கடன் வாங்கி பரிகார பாக்கெட் வாங்காதீங்க.

நைட் ஷிப்ட் முடிச்சுட்டு ஏசி ரூம்ல பத்தி ஏத்தி வெச்சு தூங்கறேன், ரிலாக்ஸா இருக்கு. பரவாயில்லையா?

எரியற பத்தியோட தூங்கவே தூங்காதீங்க தம்பி. சாம்பல் மெத்தைல விழுந்தா தீ, விழாட்டியும் அடைச்ச ரூம்ல மணிக்கணக்கா அதே புகை. சிங்கப்பூர்ல 61,000 சீனர்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து 2008-ல வெளியிட்ட ஆய்வுல, ரொம்ப காலம் வீட்ல பத்தி ஏத்தினவங்களுக்கு சுவாசப் பாதைல சில வகை புத்துநோய் கூடுதலா இருந்துச்சுன்னு சொல்றாங்க. ரிலாக்ஸ் ஆகறது பொய்யுமில்ல, அதே 2008-ல பரங்கிச் சாம்பிராணிங்கற வேற ஒரு மரப்பிசின்ல இருக்கற ஒரு பொருள் எலிங்களோட பதட்டத்த கொறைச்சுதுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு, ஆனா அது எலிக்கு. தூங்கறதுக்கு அரைமணி முன்னாடி ஜன்னல தெறந்து வெச்சு பாதி பத்தி ஏத்துங்க, அணைச்சு புகை போனப்பறம் ஏசி போடுங்க. லேசா தங்கற வாசனையே தூக்கத்துக்கு போதும்.

வீட்ல லவ் பேர்ட்ஸ் இருக்கு, சாம்பிராணி போடலாமா?

கூண்டு இருக்கற ரூம்ல கூடவே கூடாது. பறவைக்கு புகை நம்மள விட சீக்கிரம் தாக்கும். கூண்ட மொதல்ல மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டு போயிட்டு தூபம் போடுங்க, வீடு காத்தாட ஒரு மணி நேரமாவது விட்டுட்டு உள்ள எடுத்துட்டு வாங்க.