பாடம் எடுப்பதை விட்டுவிட்டுப் பல்கலைக்கழக மதிப்பீட்டுப் பிரிவுக்குத் தலைமை ஏற்கலாமா?

பத்து வருடம் பாடம் எடுத்துவிட்டீர்கள், மதிப்பீட்டுப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தச் சொல்கிறார்கள், போனால் வெறுமனே மார்க் எண்ணுகிற ஆளாகிவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "மார்க் எண்ணுகிற ஆள்" என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நான் பதினொரு வருடம் இயற்பியல் எடுத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். இது எட்டாவது வருடம். இதே சொல்லை என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. விடைத்தாளை ஒழுங்காகத் திருத்துபவர் என்று துறையில் உங்களுக்குப் பெயர் இருக்கும். எக்ஸல் நன்றாக வரும். கூட்டத்தில் யாரும் படிக்காத அறிக்கையை நீங்கள் மட்டும் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதனால்தான் கூப்பிடுகிறார்கள். "ஆராய்ச்சி ஓடாதவர்கள் போய் ஒதுங்குகிற இடம்" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சும் கிளம்பியிருக்கும். எனக்கும் கிளம்பியது. அது அடங்க இரண்டு வருடம் ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தேர்வு அலுவலகம் வேறு, மதிப்பீட்டுப் பிரிவு வேறு. தேர்வை நடத்துவது, விடைத்தாளைக் கட்டு பிரிப்பது, முடிவை வெளியிடுவது எல்லாம் தேர்வு அலுவலகத்தின் வேலை. அவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது, அவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வேலை, அந்தத் தேர்வு அளக்க வேண்டியதைத்தான் அளந்ததா என்று பார்ப்பது. அளக்கவில்லை என்றால் அதை வாய் திறந்து சொல்வதும் நம் வேலைதான். அந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பொறுப்பேற்ற இரண்டாவது பருவம். முதலாண்டு இயற்பியல், 192 மாணவர்கள், 40 கொள்குறி வினாக்கள், ஓஎம்ஆர் தாள். முடிவு வெளியாகி ஆறு நாள் கழித்துத்தான் கேள்விவாரியான தரவு என் கைக்கு வந்தது. வழக்கமான பகுப்பாய்வைப் போட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாணவர்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே உள்ள 27 சதவீதம், கீழே உள்ள 27 சதவீதம் என்று இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்வோம். இந்த 27 என்ற கணக்கை அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939இல் நிறுவினார். இரு முனைகளும் நன்றாக வேறுபட வேண்டும், அதே சமயம் குழுவும் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும், இரண்டும் கூடி வருகிற இடம் அது. ஒரு கேள்விக்கு மேல்குழுவில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கீழ்குழுவில் எத்தனை பேர் என்று பார்த்தால், அந்தக் கேள்வி தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிக்கிறதா என்று புரிந்துவிடும்.

எனக்கு ஒவ்வொரு குழுவிலும் 52 பேர். 17ஆம் கேள்வியில் மேல்குழுவில் சரி என்று வந்தவர்கள் 9 பேர். கீழ்குழுவில் 31 பேர். வித்தியாசத்தை 52ஆல் வகுத்தால் மைனஸ் 0.42. இந்த எண் 0.40க்கு மேல் இருந்தால் மிக நல்ல கேள்வி என்போம், 0.20க்குக் கீழே போனால் திருத்து அல்லது தூக்கு என்போம். மைனஸில் இவ்வளவு ஆழமாகப் போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கேள்வி இதுதான்: செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? ஏ விடை, சுழி. பி விடை, புவியீர்ப்பு முடுக்கம், கீழ்நோக்கி. உச்சியில் திசைவேகம்தான் சுழியாகும், முடுக்கம் ஆகாது. பாடத்தைச் சரியாகப் பிடிக்காத பிள்ளைகள் அங்கேதான் விழுவார்கள் என்று தெரிந்தே வைத்த கேள்வி, நல்ல கேள்வி. மேல்குழுவில் 41 பேர் பி போட்டிருந்தார்கள். கீ ஆன்சரில் ஏ என்று இருந்தது. முந்தைய வருட வினாத்தாளிலிருந்து எடுத்தபோது விடைகளின் வரிசையை மாற்றியிருக்கிறார்கள், கீயை மாற்ற மறந்துவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதனால் பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்களுக்கு ஒரு மார்க், சரியாகப் புரிந்துகொண்டவர்களுக்குச் சுழி என்றாகிவிட்டது.

தேர்ச்சிக்கு 20 வேண்டும். 19 எடுத்து, 17ஆம் கேள்விக்கு பி போட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். மூன்று பேர் இருந்தார்கள். அவர்களின் ஓஎம்ஆர் தாள்களைக் கட்டிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தாளில் முதலில் ஏ வட்டத்தைப் பென்சிலால் நிரப்பி, அப்புறம் அதை அழித்துவிட்டு, பி வட்டத்தை நிரப்பியிருந்தது. அழித்த இடத்தில் தாள் மெலிந்து பின்பக்க அச்சு லேசாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு முதலில் தப்பாகத் தோன்றியிருக்கிறது. நின்று யோசித்திருக்கிறது. சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. அதனாலேயே தோற்றிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

மேலே போய்ச் சொன்னேன். "ரிசல்ட் போட்டு ஆறு நாள் ஆச்சு மேடம், ஒருத்தர்கூடப் புகார் தரலையே" என்றார்கள். எப்படித் தருவார்கள்? வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், கீயை வெளியிடுவதில்லை. தன் மார்க் எங்கே போனது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முடிவை மாற்றினால் மற்ற பாடங்களையும் சந்தேகிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். சந்தேகிக்கட்டுமே, எல்லாவற்றையும் பார்ப்போம் என்றேன். அந்தக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

வினாத்தாள் அமைத்த பேராசிரியரிடம் போக எனக்குத் தயக்கம். என்னைவிட மூத்தவர், நான் சேர்ந்தபோது எனக்கு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டியவர். தாளை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நான்தான்மா வரிசையை மாத்தினேன், ராத்திரி பதினொன்றரைக்கு" என்றார். அப்புறம், "கடிதம் எழுது, முதல் கையெழுத்து என்னோடது" என்றார். அவர் கையெழுத்து இருந்ததால்தான் கோப்பு நகர்ந்தது. இருபத்து மூன்று நாள் ஆனது. மூன்று பேரும் தேர்ச்சி பெற்றார்கள்.

ஏ போட்டு மார்க் வாங்கியவர்களிடமிருந்து அந்த மார்க்கைப் பிடுங்கவில்லை. இதை நியாயமில்லை என்று இங்கேயே சிலர் எழுதுவார்கள், தெரியும். தவறு எங்களுடையது, முடிவைக் கையில் கொடுத்தாகிவிட்டது, கொடுத்ததைப் பறித்து ஒரு பிள்ளையைத் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவு வருவதற்கு முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரிதான் செய்திருப்பேன். "ஒரு மார்க்குக்கு இவ்வளவு அமர்க்களமா" என்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒரு மார்க் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் குறைந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

எண் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் நினைப்பதாகவும் யாரும் எழுத வேண்டாம். முப்பது பேர் உள்ள வகுப்பில் 27 சதவீதம் என்றால் எட்டு பேர். அந்த எட்டு பேரை வைத்து ஒரு கேள்வியைக் குற்றம் சொல்வது தப்பு. எண் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். கேள்வியைப் படித்துப் பார்த்து முடிவு செய்ய அந்தப் பாடம் தெரிந்த மனிதர் வேண்டும். பாடம் எடுத்தவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இயற்பியல் தெரியாமல் வெறும் மென்பொருளை ஓட்டுகிறவர் அந்த மைனஸ் 0.42ஐப் பார்த்திருந்தால் "கடினமான கேள்வி" என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

விரிவான விடைகளைத் திருத்துவது இன்னொரு தலைவலி. டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பி, 142 ஆசிரியர்கள் திருத்திய மதிப்பெண்களை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 64இல் தொடங்கி 98 வரை போயிருந்தது. மொழிப்பாடம் என்பதால்தான் அப்படி என்று சிலர் சொல்ல, மறுவருடம் வடிவியல் விடைத்தாளை அனுப்பினார்கள். 28இலிருந்து தொண்ணூறுக்கு மேல் வரை வந்தது. இதைச் சொன்னபோது எங்கள் ஆசிரியர்கள் நம்பவில்லை. சரி என்று, ஒரே விடையின் நகலை ஒரே அறையில் இருந்த பன்னிரண்டு பேரிடம் கொடுத்தேன். பத்து மார்க் கேள்வி. ஒருவர் 3 போட்டார், பக்கத்து நாற்காலிக்காரர் 8 போட்டார். இருவரும் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து திருத்தும் பணி தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஒரே பத்து விடைகளைத் திருத்தி, ஏன் அந்த மார்க் என்று பேசிவிட்டுத்தான் கட்டைப் பிரிக்கிறோம். அரை நாள் போகிறது. அந்த அரை நாளுக்காக இன்றும் என்னிடம் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் நேரத்தைத் தின்னப்போவது இதெல்லாம் இல்லை, படிவங்கள். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் கற்றல் நோக்கங்களை, நினைவில் வைத்திருப்பதில் தொடங்கி மதிப்பிடுவது வரை, ஆறு நிலைகளாக வகுத்துக் கொடுத்தார்கள். சிந்திப்பதற்கு நல்ல கருவி. அதை இப்போது படிவத்தில் வினைச்சொல் பட்டியலாக்கி வைத்திருக்கிறார்கள். கேள்வியில் "ஆராய்க" என்று இருந்தால் நான்காம் நிலை என்று கட்டத்தில் டிக் விழுந்துவிடும். விடை வகுப்புக் குறிப்பில் வரிக்கு வரி இருக்கும், பிள்ளை அதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கும். அது முதல் நிலைதான். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. பொறுப்பு மாறியபோது என்னை ஆசிரியரல்லாத பணியாளர் பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆசிரியர்களுக்கு நூலகத்தில் பத்துப் புத்தகம், மற்றவர்களுக்கு மூன்று. நான்காவது புத்தகத்தை மேசையில் வைத்தபோது, பல வருடமாக என்னைத் தெரிந்த நூலகப் பணியாளர் தலையைக் குனிந்துகொண்டு "சிஸ்டம் எடுக்கலை மேடம்" என்றார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்னும் மூன்றுதான். சம்பளத்தைக்கூட நான் இவ்வளவு நினைத்ததில்லை.

போகலாமா என்றால், போங்கள். ஆனால் சம்மதக் கடிதம் கொடுப்பதற்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு பாடமாவது நீங்கள் எடுக்க வேண்டும். நான் அதை விட்டுக்கொடுத்தேன், நான்காம் வருடம் கெஞ்சித் திரும்ப வாங்கினேன். சந்தேகத்துக்குரிய பாடத்தின் முடிவை நிறுத்திவைக்கச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இருக்க வேண்டும். முக்கியமாக, முடிவு வெளியாவதற்கு எத்தனை நாள் முன்னால் கேள்விவாரியான தரவு உங்கள் கைக்கு வரும் என்று கேளுங்கள். எங்களிடம் இப்போது நான்கு நாள். இரண்டு நாளுக்குக் குறைவாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பேசி ஏற்றுங்கள். முடிவு வந்த பிறகு தருகிறோம் என்றால் அந்தப் பதவியே வேண்டாம்.