ஜுரம் விட்ட பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஜாவா பயணத் தொடரை விடாமல் படித்தேன். மூன்றாம் பகுதியில் அந்த மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் வார்டைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதிவிட்டு எரிமலை பார்க்கக் கிளம்பிவிட்டீர்கள். டெங்கு வந்த பையனுக்கு "ட்ரிப்ஸ் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று இருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஆஸ்பத்திரி எதற்கு? போன ஐப்பசியில் என் தங்கை மகனுக்கும் டெங்கு. ஜுரம் விட்ட பிறகும் டாக்டர் இரண்டு நாள் வீட்டுக்கு விடவில்லை. பில் ஏற்றுகிறார்கள் என்று நாங்கள் சண்டையே போட்டோம். அங்கேயும் இதே கதைதானா? அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு என்னென்ன நோய் வருகிறது? கொய்யாச் சாறு கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது மூடநம்பிக்கையா, மருந்தா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் தங்கையின் டாக்டர் செய்தது சரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும்.

அந்தப் பத்தியை அவசரத்தில் எழுதினேன். ஒப்புக்கொள்கிறேன். நான் கிழக்கு ஜாவாவின் ஒரு சிற்றூரில் வாடகைக்கு இருந்தது 2016 தொடக்கத்தில். இந்தோனேசியா முழுக்க டெங்கு கொட்டிய வருடம் அது. அந்த ஓராண்டில் மட்டும் பதிவானவை 2 லட்சத்துக்கும் மேல். வீட்டுக்கார அம்மாவின் பேரனுக்கு ஆறு வயது. திங்கட்கிழமை ஜுரம் கண்டது. முதலில் தெருக்கோடி "மந்த்ரி"யிடம் போனார்கள். பதற வேண்டாம், நம் மந்திரிதான் கடல் தாண்டிப் போய் ஜாவாவில் ஆண் நர்ஸாக மாறியிருக்கிறார். ஊசி போட்டு அனுப்பினார். புதன்கிழமை புஸ்கெஸ்மாஸ், அதாவது அவர்களுடைய ஆரம்ப சுகாதார நிலையம். வியாழக்கிழமை அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2014இல் தொடங்கிய தேசியக் காப்பீட்டு அட்டை இருந்ததால் மூன்றாம் வகுப்பு வார்டில் காசில்லாமல் இடம் கிடைத்தது. ஆறு கட்டில், கட்டிலுக்கு அடியில் பாய், பாயில் ஒரு குடும்பம். மதுரை பெரியாஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு இதை வர்ணிக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஜுரம் விட்டுவிட்டது. பாட்டிக்கு ஒரே சந்தோஷம், துணிமணியை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். நர்ஸுகளோ அதற்குப் பிறகுதான் அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் நெற்றியைத் தொடவே இல்லை. உள்ளங்காலைத் தொட்டார்கள். விரல் நகத்தை அழுத்தி வெளுக்க வைத்து, ரத்தம் திரும்பிச் சிவக்க எத்தனை விநாடி ஆகிறது என்று உதட்டுக்குள் எண்ணினார்கள். வயிறு வலிக்கிறதா, வாந்தி வந்ததா என்று கேட்டார்கள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஒன்றுக்குப் போனானா, எவ்வளவு?

அந்த "எவ்வளவு"க்காக அம்மாக்காரி 600 மில்லி தண்ணீர் பாட்டில் ஒன்றின் கழுத்தை வெட்டி, பேனாவால் கோடு கிழித்து வைத்திருந்தாள். பையன் போகிற ஒவ்வொரு முறையும் கோடு பார்த்து, மணியோடு ஒரு பழைய நோட்டில் எழுதினாள். நர்ஸ் அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்.

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் ஜுரம் இறங்குகிற சமயத்தில் தொடங்குகிறது. மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர் வெளியே போய்விடும். அணுக்கள் உள்ளேயே நிற்பதால் ரத்தம் கெட்டியாகும். அதைத்தான் ஹெமடோக்ரிட் என்ற பரிசோதனை காட்டுகிறது; ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு அது. பையனுக்கு 36 இருந்த எண் வெள்ளி மாலையில் 44 ஆனது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினாலே எச்சரிக்கை. நாமெல்லாம் தட்டணு (பிளேட்லெட்), தட்டணு என்று அந்த ஒரு எண்ணைத்தான் துரத்துகிறோம். அந்த வார்டில் தட்டணு எண்ணிக்கையும் பார்த்தார்கள், ஆனால் முகம் மாறியது இந்த 44ஐப் பார்த்துத்தான். அன்று இரவு அவன் கை சில்லிட்டது. ட்ரிப்ஸில் ஏறுகிற ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலின் வேகத்தைக் கூட்டினார்கள். மணிக்கணக்கில் கூட்டுவதும் குறைப்பதுமாக விடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேறு தகராறு. நர்ஸ் ட்ரிப்ஸைக் குறைக்க, பாட்டி விடமாட்டேன் என்றார். இவ்வளவு நாள் ஏற்றியதை இப்போது ஏன் நிறுத்துகிறாய் என்று சண்டை. கசிந்த நீர் இரண்டு நாளில் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டும். கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து, கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. நேரத்துக்கு நேரம் பார்த்து அளந்து ஊற்றுகிற அந்த வேலையைத்தான் நான் "பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். டெங்குவைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. 1968இல் இந்தோனேசியாவின் சுரபயா நகரில் இந்தக் காய்ச்சலின் கடுமையான ரத்தக்கசிவு வடிவம் அந்த நாட்டில் முதன்முதலாகப் பதிவானபோது 58 பேரில் 24 பேர் இறந்தார்கள். இன்று அந்த நாட்டில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு அந்த நோட்டுக்கும் பாட்டிலுக்கும் உண்டு என்பது என் கட்சி.

கொய்யா. அங்கே டெங்கு என்றால் சிவப்புக் கொய்யாச் சாறு, இங்கே பப்பாளி இலை, நிலவேம்பு. நான் அந்த ஃப்ளாஸ்க்கைப் பார்த்துச் சிரித்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. "தண்ணீர் கொடுத்தால் துப்புகிறான், இதைக் குடிக்கிறான். எத்தனை டம்ளர் என்று எழுதிவையுங்கள்" என்றார். தட்டணுவை அது ஏற்றுகிறதோ இல்லையோ, உள்ளே போன நீர் நீர்தானே.

மற்ற கட்டில்களில் என்ன இருந்தது என்று கேட்டால், நமக்குத் தெரியாத நோய் எதுவும் இல்லை. நிமோனியா. "முந்தாபெர்" என்று அவர்கள் சொல்லும் வாந்திபேதி; அதற்கு "ஒராலிட்" பொட்டலம், நம் உப்புச்சர்க்கரைக் கரைசல்தான். ஜுர வலிப்புக்கு "ஸ்தெப்" என்று பெயர், டச்சுக்காரர் விட்டுப்போன சொல். வலிப்பு வராமலிருக்க ஜுரம் கண்ட குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கடுங்காப்பி கொடுக்கும் பழக்கம் உண்டு. இதற்கு மட்டும் அந்த நர்ஸ் கடுமையாகத் திட்டியதைப் பார்த்தேன். நடுவில் வலிப்பு வந்துவிட்டால், நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும்.

மணல்வாரியை, அதாவது தட்டம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மை போட்ட பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது என்று அங்கும் சொல்கிறார்கள். 2017 கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் பாப்புவாவின் அஸ்மத் மாவட்டத்தில் மணல்வாரியும் பட்டினியும் சேர்ந்து 70க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டுபோயின. அகாட்ஸ் என்ற தலைநகரமே சதுப்புச் சேற்றின் மேல் பலகைப் பாதை போட்டு நிற்கும் ஊர். மருத்துவமனை அங்கே இருந்தது, பிள்ளைகள் இருந்த கிராமங்களிலிருந்து வர ஆற்றில் படகு வேண்டும். தடுப்பூசியும் அதே ஆற்றில்தான் எதிர்த்திசையில் போக வேண்டும். ட்ரிப்ஸ் பாட்டில் எத்தனை இருந்து என்ன?

மணல்வாரி வந்த பிள்ளைக்கு வைட்டமின் ஏ கொடுப்பார்கள். அது வழக்கமானதில் இந்தோனேசியாவுக்குப் பங்கு உண்டு, நமக்கும் ஒரு பங்கு உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் வரும் மாலைக்கண்ணை அங்கே "புத்தா ஆயாம்" என்பார்கள், கோழிக்குருடு. பொழுது சாய்ந்தால் கோழிக்குக் கண் தெரியாதல்லவா? ஆல்ஃபிரட் சாமர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஜாவா கிராமங்களில் அந்தக் குழந்தைகளின் கண்ணைத்தான் ஆராயப் போனார். கணக்கைப் பார்த்தபோது, லேசான மாலைக்கண் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட நான்கு மடங்கு வேகத்தில் இறந்திருந்தார்கள். 1983இல் எழுதினார், பலர் நம்பவில்லை. அச்சே பகுதியில் 450 கிராமங்களில் செய்த சோதனையில், வைட்டமின் கொடுத்த ஊர்களில் சாவு 34 சதவீதம் குறைந்தது. அதையும் சந்தேகித்தார்கள். 1990இல் மதுரையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவின் குழு திருச்சி மாவட்டக் கிராமங்களில் வாரம் ஒரு சிறு அளவு கொடுத்துப் பார்த்தது. குறைந்தது 54 சதவீதம். இன்று இந்தோனேசியாவில் பிப்ரவரியும் ஆகஸ்டும் வைட்டமின் மாதங்கள். கைக்குழந்தைக்கு நீல உருண்டை, ஒரு வயதுக்கு மேல் சிவப்பு. அக்கம்பக்கத்துப் பெண்களே நுனியைக் கத்தரித்து வாயில் பிழிந்துவிடுகிறார்கள்.

மருந்தே நோயான கதையும் உண்டு. 2022இல் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த சிரப்புகளால் சிறுநீரகம் நின்று 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தார்கள். அக்டோபரில் எல்லா சிரப்பையும் நிறுத்தச் சொன்னது அரசு. மாத்திரையைக் கல்வத்தில் அரைத்துத் தாளில் மடித்துத் தரும் "புயெர்" என்ற பழைய பொட்டலம்தான் அப்போது கைகொடுத்தது. ஏழை நாடு என்று உச்சுக் கொட்ட நமக்கு உரிமை இல்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகளைக் கொன்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது.

வீட்டுக்கார அம்மாவின் பேரன் செவ்வாய்க்கிழமை வீடு திரும்பினான். இப்போது பத்தாம் வகுப்பைத் தாண்டியிருப்பான். உங்கள் தங்கையிடம் அந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டணுக்குப் பக்கத்தில் ஹெமடோக்ரிட் என்று ஒரு வரிசை இருக்கும். ஜுரம் விட்ட தேதிக்கு நேரே என்ன எண் எழுதியிருக்கிறது, மறுநாள் என்ன எண் எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.